மனம் மறந்தாலும் நா மறவாது

ஆடி பிறந்துவிட்டால் மலேசியத் திருநாட்டின் அம்மன் ஆலயங்கள் யாவும் விழாக்கோலம் பூண்டுவிடுகின்றன. வேப்பிலைத் தோரணமும், மஞ்சள் ஆடையும், உடுக்கை ஒலியும், அண்டாவில் கொதிக்கும் கூழின் மணமும் பக்தப் பெருமக்களைச் சன்னிதிக்கு ஈர்க்கின்றன. பால்குடம் ஏந்தியோர் எத்தனை பேர், அன்னதானத்துக்கு அரிசி வழங்கியவர் யார், இரதத்துக்கு மலர் அலங்காரம் செய்தவர் யார் என்ற விவரங்கள் ஆலயக் கணக்கேட்டில் முறையாகப் பதிவாகின்றன. ஆயினும் ஒரு கணக்கு மட்டும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. சென்ற ஆண்டு வரை கூழுக்குக் கேழ்வரகு மாவைக் கரைத்துக் கொடுத்த பாட்டி இவ்வாண்டு எங்கே? முன்வரிசையில் அமர்ந்து தாலாட்டுப் பாடியவர் எங்கே? கேட்டால், "உடம்புக்கு முடியவில்லை" என்று மகன் தாழ்ந்த குரலில் கூறிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அந்தத் தாழ்ந்த குரலுக்குப் பின்னால் பல இல்லங்களில் மறைந்திருப்பது முதுமை மறதி நோயாகும். மருத்துவர்கள் இதனை டிமென்ஷியா என்பர். நம்மவர் வீடுகளில் மலாய்ச் சொல்லை எடுத்துக்கொண்டு "நியான்யோக்" என்று சொல்லிச் சிரித்துவிடுவதும் உண்டு. சிரிக்க முடியாத நிலை வரும்போது கதவைப் பூட்டிவிடுவதும் உண்டு.

சிலாங்கூரில் ஓர் அம்மன் ஆலயம். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்து மாரியம்மனாக வீற்றிருந்தவள், தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியான பின் சில கிலோமீட்டர் தள்ளி வேறு நிலத்தில் குடியேறினாள். அக்குடும்பத்தார் இன்றும் அங்கே வந்து வழிபடுவதால் ஆலயத்தின் பெயர் இங்கே தவிர்க்கப்படுகிறது. கோவிட் பெருந்தொற்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, அவ்வாலயத்தின் ஆடித் திருவிழா இரத ஊர்வலத்தன்று நிகழ்ந்த ஒரு சம்பவமே இக்கட்டுரைக்குக் காரணம்.

எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரை மருமகள் கைப்பிடித்து ஊர்வலத்துக்கு அழைத்து வந்திருந்தார். பேரக்குழந்தை அழுததால் தண்ணீர் வாங்க மருமகள் திரும்பிய அந்த இரண்டு நிமிடத்தில் மூதாட்டி கூட்டத்தில் மறைந்துவிட்டார். உருமி மேளமும் ஒலிபெருக்கியும் முழங்கிக்கொண்டிருந்த வேளையில் ஒரு பெண்ணின் கூக்குரல் யார் செவியிலும் விழவில்லை. இரதம் ஆலயம் திரும்பியது, தீபாராதனை முடிந்தது, பாட்டி வரவில்லை. இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வீதி வீதியாகத் தேடினர். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க 24 மணி நேரம் கழிய வேண்டும் என்று யாரோ சொல்ல, அதையும் நம்பிவிட்டார்கள். இது முற்றிலும் தவறான எண்ணம். காணாமற் போனவர் குறித்து உடனே புகார் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

பொழுது புலருமுன், அதிகாலைத் தொழுகைக்குச் சென்றுகொண்டிருந்த மலாய் அன்பர் ஒருவர், வீடமைப்புப் பகுதியின் சாலையோரத்தில் வெறுங்காலுடன் ஒரு மூதாட்டி நிற்பதைக் கண்டார். எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு அவர் அரைகுறை மலாயில் சொன்ன பதில், பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்பதே. அந்த அன்பருக்குப் பெரட்டு என்றால் என்னவென்று தெரியாது. பாட்டியைத் தம் காரில் அமர்த்திக் காவல் நிலையத்தில் சேர்த்தார். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கோ அதை விளக்கத் தேவையில்லை. விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் அழைக்கும் இடம் அது. பாட்டி நின்ற அந்தச் சாலையோரத்தில்தான் ஒரு காலத்தில் பெரட்டுக்களம் இருந்தது. வீட்டின் குளியலறைக்கு வழி தெரியாத ஒருவர், கட்டடங்கள் எழும்பி அடையாளமே மாறிப்போன நிலத்தில் நள்ளிரவில் நடந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

திருவிழா வரவு செலவைப் பார்க்கக் கூடிய நிர்வாகக் கூட்டத்தில் அன்று வரவு செலவு பேசப்படவில்லை. ஒவ்வொருவராக மனம் திறந்தனர். பொருளாளரின் தந்தையார் இரண்டு ஆண்டுகளாக வெளியே வருவதில்லை. மகளிர் பகுதித் தலைவியின் மாமியார் கண்ணாடியில் தெரியும் உருவத்தோடு சண்டையிடுகிறார். ஆண்டுக்கணக்கில் ஒரே பந்தலின் கீழ் பணியாற்றியவர்கள் ஒருவர் வீட்டுத் துயரை மற்றவர் அறியாமல் இருந்திருக்கின்றனர். சிலர் செய்வினை என்று எண்ணித் தாயத்துக்குப் பணம் செலவழித்திருந்தனர். மருத்துவரிடம் சென்றவர்கள் மிகச் சிலரே.

இந்நோய் எவருடைய சாபத்தாலும் வருவதன்று. ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், 1901 ஆம் ஆண்டு பிராங்க்ஃபர்ட் நகர மருத்துவமனையில், ஐம்பத்தொரு வயதிலேயே நினைவு குலைந்துபோன ஒரு பெண்மணியைக் கண்டார். அப்பெண்மணி 1906 இல் காலமான பின் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதில் படிந்திருந்த கறைகளையும் முறுக்கிக்கொண்ட இழைகளையும் அவ்வாண்டே மருத்துவர் கூட்டமொன்றில் விளக்கினார். அவர் பெயரால் வழங்கும் அல்சைமர் நோயே மறதி நோய்களுள் 60 முதல் 70 விழுக்காடு எனலாம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் பாதிக்கப்படுவதால் வருவது மற்றொரு வகை. 2021 இல் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நம் நாட்டில் 2018 இல் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்று காட்டியது. பன்னிரண்டு முதியவர் அமர்ந்திருக்கும் ஒரு பந்தியில் ஒருவர் என்று இதனைக் கொள்ளலாம்.

நம் சமூகத்தார் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் மறதி நோய்க்கு வழிகோலும் காரணங்களில் அடங்கும். மலேசிய இந்தியரிடையே நீரிழிவு எந்த அளவு மலிந்திருக்கிறது என்பதை அன்னதானப் பந்தியில் மாத்திரைப் பொட்டலத்தைப் பிரிப்போரின் எண்ணிக்கையே சொல்லிவிடும். புகைப்பழக்கம், மது, செவித்திறன் குறைவு, தனிமை ஆகியனவும் இப்பட்டியலில் உள்ளன. 2024 இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு இத்தகைய 14 காரணங்களைச் சுட்டி, அவற்றைச் சீர்செய்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காட்டு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று தெரிவித்தது.

மறதி தெரிந்தவுடனே மருத்துவரிடம் செல்லவேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மறதி நோய் போலத் தோன்றும் எல்லாமே மறதி நோய் அல்ல. தைராய்டு சுரப்பிக் குறைபாடும், மனச்சோர்வும், சில மருந்துகளும் இதே தோற்றத்தை உண்டாக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தாலும் நினைவு மங்கும். இது பெரும்பாலும் இறைச்சி, மீன், முட்டை, பாலில் கிடைப்பது. ஆண்டாண்டு காலமாகச் சைவ உணவு மட்டுமே கொண்டு, பாலையும் குறைத்துக்கொண்ட பெரியவர்கள் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நலம். விரதத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளும் முதியவர் உண்ணாதிருந்தால் இரத்தத்தில் சர்க்கரை சட்டென இறங்கிச் சித்தம் தடுமாறும். அதனை அருள் வந்ததாக எண்ணி வேப்பிலை அடித்துக்கொண்டிருப்பது உயிருக்கே ஆபத்தாகும். ஓரிரு நாளில் திடீரெனப் பேச்சுக் குழம்பினால் அது சிறுநீர்த் தொற்று, நீர்வற்றல் போன்றவற்றாலும் இருக்கலாம். திருவிழா முடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

இனி வழிபாட்டுக்கு வருவோம். மகளின் பெயர் தெரியாத தாய்க்கு மாரியம்மன் தாலாட்டு மட்டும் எப்படித் தெரிகிறது என்று அந்த ஆலயத்து அன்பர்கள் பலர் வியந்ததுண்டு. அல்சைமர் நோய் முதலில் தாக்குவது புதிய செய்திகளைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியை. காலையில் உண்டது மறந்துபோகும். நேற்று வந்தவர் மறந்துபோவார். ஆனால் இளமையில் ஆயிரம் முறை சொல்லிச் சொல்லி நாவில் ஊறிய பாட்டும், கை பழகிய செயலும் நெடுங்காலம் எஞ்சி நிற்கின்றன. மணியோசை கேட்டதும் கை தானே குவிகிறது. திருநீற்றுத் தட்டைக் கண்டதும் தலை தானே தாழ்கிறது.

சுந்தரமூர்த்தி நாயனார் கொடுமுடித் தலத்தில் அருளிய பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது. தாம் மறந்துபோனாலும் தம் நாவு மறவாமல் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்பது அப்பதிகத்தின் கருத்து. ஓதுவார்கள் பாடக் கேட்டுப் பழகிய இந்தக் கருத்தைப் பக்தியின் உயர்வு நவிற்சி என்று கடந்து சென்றவர் பலர். வீட்டில் ஒரு மறதி நோயாளரை வைத்துப் பேணுகிறவர்களுக்கோ அது கண்கூடு. பெருந்தொற்றை முன்னிட்டு 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து ஆலயங்கள் மூடப்பட்டிருந்த மாதங்களில், இத்தகைய முதியோர் பலர் மேலும் ஒடுங்கிப்போயினர். பேச்சு நின்றுபோன பெரியவர் ஒருவர், ஆலயம் மீண்டும் திறந்த பின் நடராசர் சன்னிதியில் ஒரு தேவாரத்தை இரண்டடி வரை பாடியதை அங்கிருந்தோர் கேட்டனர். மூன்றாம் அடி வரவில்லை. ஓதுவார் எடுத்துக் கொடுத்ததும் தொடர்ந்தார்.

இதனைக் கொண்டு வழிபாடு நோயைத் தீர்த்துவிடும் என்று எவரும் சொல்ல வேண்டாம். தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. அம்மன் ஆலயத்தில் நடைபெறும் கூட்டுப் பிரார்த்தனையிலும் நோய் தீர வேண்டும் என்று கேட்பதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அச்சமின்றி இருக்க வேண்டும், வழி தவறாதிருக்க வேண்டும், பேணுகிறவருக்குப் பொறுமையும் உறக்கமும் வேண்டும் என்பனவே அங்கே வைக்கப்படும் விண்ணப்பங்கள். உறக்கத்தைச் சேர்க்கச் சொன்னவர் ஒரு மருமகள்.

நற்பணி என்று தொடங்கியது முதலிலேயே கைகூடவில்லை. "நினைவிழந்தோருக்கான சிறப்பு வழிபாடு" என்று பெரிய பதாகை கட்டி, ஒலிபெருக்கியிலும் அறிவித்தனர். பாய் விரித்து, தேநீர் வைத்து, நிர்வாகத்தினர் காத்திருந்தனர். ஒருவரும் வரவில்லை. ஊரறிய அந்தப் பதாகையின் கீழ் தன் தாயைக் கொண்டுவந்து அமர்த்த எந்த மகன் துணிவான்? மறுமுறை பதாகை இல்லை. வியாழக்கிழமை காலையில் "மூத்தோர் வழிபாடு" என்று மட்டும் சொல்லப்பட்டது. செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்குக் கூட்டம் மிகுந்த நாள்கள் ஆதலால் வியாழன் தேர்ந்தெடுக்கப்பட்டது. நலமாக இருக்கும் முதியவர்களும் வந்தனர். அவர்களோடு கலந்து இவர்களும் வந்தனர். யார் நோயாளர், யார் அல்லர் என்று எவரும் கேட்பதில்லை.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. வழிபாட்டின் நடுவே ஒரு பெரியவர் தம்மையறியாமல் ஆடையை நனைத்துவிட்டார். சன்னிதியின் தூய்மை கெட்டுவிட்டதென்று மூத்த உறுப்பினர் ஒருவர் சினந்து, இந்த ஏற்பாட்டையே நிறுத்த வேண்டும் என்றார். தலைமைக் குருக்கள் அமைதியாகக் கேட்டார்: "ஐயா, மடியில் இருக்கும் கைக்குழந்தை நனைத்துவிட்டால் துடைத்துவிட்டுப் பூசையைத் தொடர்கிறோம். குழந்தைக்கு ஒரு விதி, கிழவருக்கு ஒரு விதியா?" அத்துடன் அப்பேச்சு முடிந்தது. மறுவாரம் மாற்றுடைகளும் வேட்டிகளும் அடங்கிய ஒரு பெட்டி மடப்பள்ளிக்கு அருகே வைக்கப்பட்டது. அதை வாங்கி வைத்தவர் சினந்த அந்த உறுப்பினரே ஆவார்.

அனுபவம் கற்றுக்கொடுத்தவை பல. வியாழன் வழிபாட்டில் ஒலிபெருக்கி கிடையாது, கைமணி மட்டும். கற்பூரத் தட்டை முதியவர் கையெட்டும் தூரத்தில் நீட்டுவதில்லை. சுடரை விரலால் பற்ற முனைந்தவர்கள் உண்டு. திருநீற்றையும் குங்குமத்தையும் உள்ளங்கையில் கொடுப்பதற்குப் பதிலாக நெற்றியிலேயே இட்டுவிடுகின்றனர். சுண்டல் விழுங்கச் சிரமப்பட்டுச் சிலருக்குப் புரையேறியதால், பிரசாதமாக இப்போது குழைந்த பொங்கலோ கூழோ வழங்கப்படுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர் அதைத் தேடிக்கொண்டு வாசலைத் தாண்டிவிடுவதால் வாசலில் எப்போதும் ஒரு தொண்டர் அமர்ந்திருப்பார்.

திருவிழா நாளுக்கென்று செய்த ஏற்பாடு குறிப்பிட்டுச் சொல்லத்தக்கது. வழி தவறக்கூடியவருக்கு அடையாள வில்லை மாட்டலாம் என்று முதலில் எண்ணினர். வில்லை மாட்டிய முதியவரை எல்லோரும் உற்றுப் பார்ப்பார்களே என்று மகளிர் பகுதியினர் மறுத்தனர். முடிவில் அனைவரும் கட்டிக்கொள்ளும் மஞ்சள் காப்புக் கயிற்றிலேயே, இவர்களுக்கு மட்டும் ஒரு பச்சை நூலைச் சேர்த்து, தொலைபேசி எண் எழுதிய சிறு துணியை உட்புறம் தைத்துவிட்டனர். பச்சை நூலின் பொருள் தொண்டர்களுக்கு மட்டுமே தெரியும். வீட்டைவிட்டுப் புறப்படுமுன் அன்றைய உடையோடு ஒரு படம் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளும்படியும் குடும்பத்தாரிடம் சொல்லப்படுகிறது. பதற்றத்தில் இருப்பவருக்குச் சேலையின் நிறம் நினைவுக்கு வருவதில்லை.

பெருங்கூட்டம் கூடும் இடங்களில் இவையெல்லாம் இன்னும் அவசியமாகின்றன. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே ஏறினாலும் பிரிந்துவிட நேரும். முதியவருக்கு மேற்குகைத் தரிசனம்தான் வேண்டுமென்றில்லை. தலைநகர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம் புறப்பட்டு வரும் வழியில், கூட்டம் குறைந்த ஓரிடத்தில் நாற்காலி இட்டு அமரச் செய்து, முருகப் பெருமானைக் கண்டு தொழவைத்துத் திரும்பினாலும் போதும். அர்ச்சனைக்கு விழா கழிந்த ஒரு வார நாளில் அழைத்துச் செல்லலாம்.

வீட்டில் பேணுகிறவர்களுக்குத் துணை வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் இயங்கிவரும் மலேசிய அல்சைமர் நோய் அறநிறுவனம் 1997 முதல் இப்பணியில் ஈடுபட்டுள்ளது. அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் முதலில் காட்டினால் தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பர். ஆலயங்களைப் பொறுத்தவரை, மாதத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் முதியவரைப் பார்த்துக்கொள்ள இரண்டு தொண்டர்கள் கிடைத்தால், ஒரு மருமகள் தலைக்குக் குளித்துவிட்டு வருவார். இதைச் சிறு உதவி என்று எண்ணுகிறவர்கள் ஒரு வாரம் மறதி நோயாளருடன் இருந்து பார்க்கட்டும்.

காணாமற் போய்க் கிடைத்த அந்த மூதாட்டி இன்றும் வியாழன்தோறும் வருகிறார். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று இடையிடையே எழுந்துவிடுவார். தோட்டம் எப்போதோ போய்விட்டது என்று முன்பெல்லாம் மருமகள் வாதாடுவார், பாட்டி அழுவார். இப்போது, "இன்றைக்கு ஆத்தா கோயிலில் திருவிழா, அத்தை. வேலை இல்லை" என்கிறார். தோட்டத்தில் திருவிழாவுக்கு விடுமுறை விட்ட காலத்தில் வாழ்ந்தவர் அல்லவா! பாட்டி மகிழ்ந்து அமர்ந்துவிடுகிறார்.

ஒரு வியாழனன்று அர்ச்சனைக்கு நின்றபோது குருக்கள் வழக்கம்போல் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். பாட்டிக்குத் தம் பெயர் வரவில்லை. "பிள்ளைகள் பெயரைச் சொல்லுங்கள் அம்மா" என்று குருக்கள் மெதுவாகச் சொன்னார். பாட்டி ஒவ்வொன்றாக நட்சத்திரத்தோடு சொல்லத் தொடங்கினார். மருமகள் அறிந்தவரை அவருக்குப் பிள்ளைகள் மூவர். பாட்டி நான்கு பெயர்களைச் சொன்னார். நான்காவது, தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்து சில மாதங்களே இருந்து மறைந்த ஆண் குழந்தை என்று பின்னர் மூத்த மகன் கூறித் தெரியவந்தது. அதுவரை அந்தப் பெயரை வீட்டில் எவரும் உச்சரித்ததில்லை. குருக்கள் எதுவும் கேட்காமல் நான்கு பெயர்களையும் சங்கல்பத்தில் சொல்லி அர்ச்சனை செய்தார்.

அன்று முதல் மருமகள் எழுதிக் கொடுக்கும் அர்ச்சனைச் சீட்டில் நான்கு பெயர்கள் இருக்கின்றன.